மூச்சுமுட்டி மேட்டில் கனி பிரேக் பிடித்த கதை

எந்த ஊருக்கும் மேடு பள்ளம் உண்டு. ஏணிப்பாறையில் மட்டும் அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்ட மாதிரி மேடெல்லாம் ஒரு பக்கம் போய்விட்டது, பள்ளமெல்லாம் ஒரு பக்கம் வந்துவிட்டது. கீழே பஸ் ஸ்டாண்டு, காய்கறிச் சந்தை, ரேஷன் கடை, வரிசையாக டீக்கடைகள். மேலே ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், அந்தோணியார் கோயில், முத்தாலம்மன் கோயில், தண்ணீர்த் தொட்டி. இரண்டுக்கும் நடுவே செங்குத்தாக ஒரு சிமெண்டுப் பாதை. அந்தப் பாதைக்குப் பெயர் மூச்சுமுட்டி. பெயர் வைத்தது யாரென்று தெரியாது. ஆனால் அவன் உச்சிக்குப் போய்ச் சேர்ந்து பெயர் வைத்திருக்க முடியாது, பேச மூச்சு இருந்திருக்காது, பாதி வழியில் உட்கார்ந்துதான் வைத்திருப்பான் என்பது ஊராரின் தீர்மானம். ஜீப் போவதற்கு வேறொரு ரோடு இருந்தது. அது தேயிலை எஸ்டேட்டைச் சுற்றி, ஓடைப் பாலத்தைத் தாண்டி, மலையை ஒரு பிரதட்சணம் வந்து, இனிமேல் போகவே வேண்டாம் என்று நமக்குத் தோன்றும் நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் விடும்.

மூச்சுமுட்டியின் உச்சியில் மாசிலாமணி பேக்கரி. மாசிலாமணி மாவு பிசைகிறவர், கல்யாண வீட்டு அண்டாவைப் போன்ற உடம்பு, அந்த உடம்புக்குள் ஒரு கோழிக்குஞ்சின் பயம். அவர் மனைவி ஜெபகனி தூத்துக்குடி உப்பளத்துப் பக்கம் பிறந்தவள். கண்ணுக்கெட்டிய தூரம் தரை தட்டையாகக் கிடக்கும் ஊரில் மிதித்து மிதித்து சைக்கிள் ஓட்டியவள், கல்யாணமாகி மலையேறி வந்த அன்றைக்கே மூச்சுமுட்டியின் தலையில் நின்று கீழே பார்த்து, "அடேயப்பா, மிதிக்காமலே போகலாமே!" என்று சொன்னாள். ஊரில் அந்தச் சரிவைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட முதல் ஆள் அவள்தான். பிறகு வருஷக்கணக்கில் பன்னும் ரஸ்க்கும் தலையில் சுமந்து அதில் நடந்து இறங்கினாள், வெறுந்தட்டோடு மூச்சு வாங்க ஏறினாள். கடைசியில் ஒருநாள், பின்சக்கரத்துக்குள் மோட்டார் வைத்த கரண்டு சைக்கிள் ஒன்றை வாங்கி, பின்னால் அகலமான கேரியர் அடித்து, ரொட்டிப் பெட்டியைக் கட்டினாள்.

சைக்கிள் ஏறும்போது வாய் திறக்கவில்லை. இறங்கும்போதுதான் வந்தது வினை. பிரேக்கைத் தொட்டதும் பின்சக்கரத்திலிருந்து "ம்ம்ம்ங்ங்ங்" என்று ஒரு முனகல் கிளம்பியது. அழுத்தினால் கனத்தது, தளர்த்தினால் மெலிந்தது, விட்டால் நின்றது. புது வண்டி கோளாறாகிவிட்டதென்று பயந்து, மலைக்குக் கீழே டவுனில் கடை வைத்திருந்த மெக்கானிக் ரசாக் பாயிடம் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோனாள்.

"பாய், ஏறுறப்ப கம்முனு வருது. எறங்குறப்ப பிரேக்கத் தொட்டா வயித்துவலிக்காரி மாதிரி முனகுது."

ரசாக் பாய் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, பிரேக்கைப் பிடித்து, காதை வைத்துக் கேட்டார். "இது முனகல் இல்லம்மா, சம்பாத்தியம். ஏறுறப்ப பேட்டரி மோட்டாருக்குக் குடுக்குது. எறங்குறப்ப நீங்க பிரேக் புடிச்சா சக்கரம் மோட்டாரைச் சுத்துது, மோட்டாரு டைனமோ மாதிரி ஆகி பேட்டரிக்குத் திருப்பிக் குடுக்குது. வீணாப் போற வேகம் கரண்டா மாறுது. அந்தச் சத்தந்தான். வேணாம்னா சொல்லுங்க, அந்த வேலையவே அணைச்சுடுறேன். சத்தமும் போகும், வர்ற வரும்படியும் போகும்."

"வரும்படிய எதுக்கு விடணும்? முனகிட்டுக் கெடக்கட்டும்," என்றாள் கனி.

மறுநாள் காலை அவள் ரொட்டிப் பெட்டியோடு மூச்சுமுட்டியில் இறங்க, எதிரே கேஸ் சிலிண்டரைத் தோளில் சுமந்து சவரிமுத்து ஏறிக்கொண்டிருந்தான். பாதை ஈரமாக இருந்ததால் கனி பிரேக்கை நன்றாகவே பிடித்தாள். முனகல் எழுந்தது. சவரிமுத்துவின் கால்கள் தரையிலிருந்து ஒரு சாண் உயரம் கிளம்பின. அவன் நடப்பதை நிறுத்தவில்லை. காலை எடுத்து எடுத்து வைத்தான், காலுக்குக் கீழே மேடு தானாக நழுவிப் போயிற்று, தோளிலிருந்த சிலிண்டர் தலையணை கனத்துக்கு வந்துவிட்டது, அவனுக்குப் பின்னால் கீரைக்கட்டோடு வந்த கிழவியும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரும், யாருடையதென்றே தெரியாத ஒரு வெள்ளாடும் அதேபோல ஒரு சாண் உயரத்தில் வரிசையாக ஏறி வந்தார்கள். கனி கீழே போய் டீக்கடை முன் நின்று பிரேக்கை விட்டபோது மேலே எல்லாரும் மெத்தென்று தரையில் இறங்கினார்கள். சவரிமுத்து சிலிண்டரை ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் இறக்கி வைத்துவிட்டு, வேர்க்காத நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "இன்னைக்கு மேடு கொஞ்சம் கொறஞ்சிருக்கு," என்றான். "ராத்திரி மழையில அரிச்சிருக்கும்," என்றார் சமையல்காரர்.

இரண்டு மூன்று நாளில் மழைக்கும் மேட்டுக்கும் சம்பந்தமில்லை, கனியின் சைக்கிள் முனகினால்தான் கால் கிளம்புகிறது என்று ஊருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும், ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள். காலையில் முதல் நடை ரொட்டி இறங்கும் வேளையில் கீழே பஸ் ஸ்டாண்டில் கூட்டம் சேர ஆரம்பித்தது. சிமெண்டு மூட்டைக்காரர், தண்ணீர்க் குடத்துக்காரி, முழங்கால் வலிக்காரர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளிகள், நோயாளிகளைப் பார்க்கப் போகிறவர்கள், சும்மா ஒருதரம் மிதந்துவிட்டு நடந்து திரும்பலாம் என்று வந்தவர்கள், எல்லாரும் டீ குடித்துக்கொண்டே மேலே அண்ணாந்து, "கனி கெளம்பிட்டாளா?" என்று கேட்டுக்கொண்டார்கள். பெண்கள் சேலைக் கொசுவத்தில் ஊக்கு குத்திக்கொண்டார்கள். ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டுவதை விட்டுவிட்டார்கள். குடை விரித்து ஏறக்கூடாது என்று ஒரு விதி தானாக உண்டாயிற்று. ஏனென்றால் காற்றடித்த ஒருநாள் இன்சூரன்ஸ் ஏஜெண்டு ஒருவர் குடையோடு பக்கவாட்டில் போய் பலாமரத்தில் தங்கிவிட்டார், அங்கிருந்தபடியே பாலிசி விவரம் சொல்லி இரண்டு பேரைச் சேர்த்தும் விட்டார். முத்தாலம்மன் கோயில் பூசாரி சப்பரம் தூக்கும் நாளுக்கு கனியிடம் நேரம் கேட்டுப் போனார். அந்தோணியார் கோயில் பங்குச் சாமியார் சுரூப பவனிக்கு நேரம் கேட்டு வந்தார். இரண்டு பேரும் பேக்கரியில் சந்தித்துக்கொண்டு, தேங்காய் பன் தின்றபடி ஆளுக்கொரு வேளை என்று ஒத்துக்கொண்டார்கள். மேலூர்ப் பெண்ணைக் கீழூர்ப் பையனுக்குக் கொடுக்கத் தயங்கியவர்கள் தயக்கத்தை விட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் சீர்த்தட்டு வரிசையோடு ஒரு சாண் உயரத்தில் மிதந்து போனதை வீட்டு வாசல்களில் நின்று பார்த்தவர்கள், மேளக்காரர் மட்டும் தாளம் தப்பியதைத்தான் குறையாகச் சொன்னார்கள். தரையில் கால் படாமல் தாளம் எப்படி நிற்கும் என்று மேளக்காரர் கேட்டதும் நியாயந்தான்.

வேறு ஆட்கள் ஓட்டிப் பார்க்காமல் இல்லை. இளவட்டங்கள் இரண்டு பேர் சைக்கிளை வாங்கிக்கொண்டு மாறி மாறி இறங்கினார்கள். முனகல் வந்தது, கீழே நின்ற ஒரு கோழியின் கால்கூடக் கிளம்பவில்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கனி பிடித்தால்தான் பிரேக்.

முதலில் கனிக்கு இது பிடித்துத்தான் இருந்தது. எதிரே மிதந்து வருகிறவர்கள் எல்லாரும், "வாம்மா கனி," "நல்லாருப்ப தாயி," என்று சொல்லிக் கடந்து போனார்கள். ஆனால் ஏறுகிறவர்கள் உச்சியைத் தொடும்வரை அவள் சரிவில் இருக்க வேண்டும். அதனால் அங்குலம் அங்குலமாக, பிரேக்கை விடாமல், இறங்கவேண்டியிருந்தது. ரொட்டி விற்று முடிந்தாலும் பள்ளி விடுகிற நேரத்துக்கு ஒருமுறை, சந்தை முடிகிற நேரத்துக்கு ஒருமுறை, யாராவது பெரிய மனிதர் வந்திறங்கினால் ஒருமுறை என்று இறங்கினாள். வலதுகை விரல்கள் இரவில் பிரேக்கைப் பிடித்தபடியே மடங்கிக் கிடந்தன. மாசிலாமணி தேங்காய் எண்ணெய் போட்டு ஒவ்வொரு விரலாக நீவிவிட்டார்.

அப்போதுதான் மொக்கராசு பேக்கரிக்கு வந்தார். எஸ்டேட் ரோட்டில் ஜீப் ஓட்டுகிறவர். சவரிமுத்து மிதக்க ஆரம்பித்த நாளிலிருந்து அவர் ஜீப் பஸ் ஸ்டாண்டில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மிதப்பது கௌரவக் குறைச்சல் என்று அவர் ஒருநாளும் மூச்சுமுட்டியில் கால் வைக்கவில்லை.

"தங்கச்சி, உன் சைக்கிள் சத்தம் காதக் கொடையுது," என்றார். "தூக்கம் வரமாட்டேங்குது."

"பகல்ல தானண்ணே ஓட்டுறேன்."

"நான் பகல்லதான் தூங்குறேன். வேற என்ன வேல இருக்கு எனக்கு?"

கனி சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. ஒரு டீயும் ரஸ்க்கும் எடுத்து அவர் முன் வைத்தாள். பிறகு யாரிடமும் சொல்லாததை, கணவனிடமும் சொல்லாததை, அந்த மனிதரிடம் சொன்னாள். "அண்ணே, நான் இந்த வண்டிய எதுக்கு வாங்கினேன் தெரியுமா? ரொட்டி கொண்டுபோறதுக்குன்னு எங்க வீட்டுக்காரருகிட்ட சொன்னேன். நெசத்துல, உச்சியில இருந்து அடிவரைக்கும் ஒரே ஒரு தடவ, பிரேக்கே புடிக்காம, காத்து மூஞ்சியில அடிக்க எறங்கணும். அதுக்குத்தான். வாங்கின நாள்லருந்து ஒருநாளும் முடியல. எப்பவும் எவனாச்சும் ஏறிக்கிட்டே இருக்கான்."

மொக்கராசு ரஸ்க்கை டீயில் முக்கியபடியே யோசித்தார். "அப்ப விட்டுடேன். ஒருநா விட்டா என்ன, ஊரு முங்கிடுமா?"

மறுநாள் சந்தை நேரத்தில், பாதிச் சரிவில், கனியின் விரல்கள் அவளைக் கேட்காமலே கொஞ்சம் தளர்ந்தன. சைக்கிள் ஒரு துள்ளு துள்ளியது, காதோரம் காற்று குளிர்ந்து அடித்தது, அவள் வயிற்றுக்குள் என்னமோ கிச்சுக்கிச்சு மூட்டியது. அடுத்த கணமே மேலே தொப்புத் தொப்பென்று சத்தம். முட்டைக்காரர் தட்டுகளோடு உட்கார்ந்துவிட்டார். சவரிமுத்துவுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. கனி பதறிப் பிரேக்கைப் பிடித்தாள், எல்லாரும் மறுபடி கிளம்பினார்கள், முட்டைக் கரு மட்டும் தரையிலேயே ஓடியது.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். மாலையில் வீடு தேடி வந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "இனி விட்டுடாத தாயி, உன்னய நம்பித்தான் காலத் தூக்குறோம்," என்று ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசி ஆளும் போனபிறகு கனி சைக்கிளை வீட்டுக்குள் தள்ளிக்கொண்டு வந்து, சார்ஜில் போட்டு, அதன்மேல் ஒரு பழைய போர்வையைப் போர்த்தினாள்.

"என்ன கனி?" என்றார் மாசிலாமணி.

"நான் எறங்கல. கொஞ்ச நாளைக்கு யாரும் என்னயக் கூப்பிடாதீங்க. எனக்குக் கழுத்துல மூச்சுமுட்டியக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கு."

மாசிலாமணி விடிந்ததும் ரொட்டித் தட்டைத் தன் தலையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டுச் சுவரையும் பிடித்துப் பிடித்து நடந்து இறங்கினார். கீழே காத்திருந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், பிறகு பழையபடி மூச்சு வாங்கிக்கொண்டு ஏற ஆரம்பித்தார்கள். மொக்கராசுவின் ஜீப்புக்குச் சவாரி வந்தது. அவருக்கு என்னவோ அதில் சந்தோஷமில்லை.

அந்த வாரத்தில் மழை பிடித்தது. ஏணிப்பாறை மழை விருந்துக்கு வந்த மாமியாரைப் போன்றது, வந்தால் சீக்கிரம் போகாது. அது கொட்டித் தீர்த்து, ஒரு நண்பகலில் சற்றே ஓய்ந்து மேகம் வெளுத்த வேளையில், கனியின் செல்போன் அடித்தது.

"தங்கச்சி, மொக்கராசு பேசுறேன்." குரல் அவருடையது போலவே இல்லை. "காய்கறிக்கடைக்காரர் மருமக பாண்டிமீனாவுக்கு வலி கண்டிருச்சு. ஜீப்புல ஏத்திட்டுப் போனேன், ஓடைப் பாலத்த வெள்ளம் அடிச்சிட்டுப் போயிருச்சு. திரும்பி பஸ் ஸ்டாண்டுக்கே வந்துட்டோம். டாக்டரம்மா போன்ல சொல்லுது, புள்ள குறுக்கால கெடக்குதாம், ஆஸ்பத்திரி டேபிளுக்குக் கொண்டுவந்தாத்தான் எதுவும் செய்ய முடியுமாம். கட்டில்ல போட்டு நாலு பேரு தூக்கினோம். பாசியில வழுக்குது, பத்தடி ஏறல, கட்டில் சாஞ்சு புள்ளத்தாச்சி அலறுது. நான் சொன்னதெல்லாம் மனசுல வச்சுக்காத. எறங்கு தாயி."

கனி போர்வையை உருவி எறிந்தாள். உச்சிக்கு ஓட்டிக்கொண்டு வந்து, சரிவில் முன்சக்கரத்தை இறக்கி, பிரேக்கைப் பிடித்தாள். சைக்கிள் நின்றது. சத்தம் வரவில்லை. ஓரடி விட்டுப் பிடித்தாள். ரப்பர் தேய்ந்ததே தவிர முனகல் இல்லை. கீழே, சிறு புள்ளியாகத் தெரிந்த கட்டில் தரையை விட்டு எழவேயில்லை. நாம் வேண்டாமென்று போர்த்தியதால் அது நம்மை விட்டுப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே ரசாக் பாய்க்குப் போன் போட்டாள்.

"பாய், வண்டி முனகல! உசுரு போற அவசரம்!"

"பதறாதீங்கம்மா. சார்ஜ் எவ்வளவு காட்டுது?"

"முழுசா இருக்கு. ஒரு வாரமா சார்ஜுலதான் கெடந்துச்சு."

"அதான் விஷயம். நெறஞ்ச கொடத்துல எப்படித் தண்ணி ஊத்துவீங்க? பேட்டரில எடமில்ல, அதான் மோட்டாரு வாங்க மாட்டேங்குது. மொதல்ல செலவு பண்ணுங்க. சார்ஜுல ஒரு கோடு எறங்குனாப் போதும். சும்மா ஓட்டுனா நேரமாகும், பெரிய பாரமா ஏத்திக்கிட்டு மேட்டுல ஏத்துங்க."

பெரிய பாரம். கனி திரும்பிப் பார்த்தாள். பேக்கரி வாசலில் கை நிறைய மாவோடு மாசிலாமணி நின்றுகொண்டிருந்தார்.

"ஏங்க, ஏறுங்க."

"எதுல?"

"பின்னால. கேரியர்ல."

இந்தச் சைக்கிள் வந்த நாளிலிருந்து அதைத் துடைத்திருக்கிறார், எண்ணெய் போட்டிருக்கிறார்; அதில் ஏறச் சொன்னால் மட்டும், "எனக்குத் தலை சுத்தும்," என்று விலகிவிடுவார். இப்போது மனைவியின் முகத்தைப் பார்த்தார், அந்தோணியாரே என்று சொல்லிக்கொண்டார், கேரியரில் உட்கார்ந்தார். சைக்கிள் ஓர் அங்குலம் தாழ்ந்தது. சவரிமுத்து பிசகிய காலோடு நொண்டி வந்து, ஒரு மைதா மூட்டையைத் தூக்கி அவர் மடியில் வைத்தான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் குறுகலான மேட்டில் கனி ஆக்ஸிலேட்டரைத் திருகினாள் திருகினாள், மோட்டார் திணறித் திணறி ஏறியது, தொட்டியைச் சுற்றி வந்து இறங்கி மறுபடி ஏறியது. மழைக்குப் பிறகு வெளியே வந்த மேலூர் சனமெல்லாம் பக்கத்தில் ஓடி, "ஏறு, ஏறு," என்று கத்தியது. மாசிலாமணி கண்ணை இறுக மூடிக்கொண்டு, தெரிந்த செபமெல்லாம் தீர்ந்துபோய், கேக் செய்முறையைச் சத்தமாக ஒப்பித்துக்கொண்டிருந்தார்.

"கோடு எறங்கிருச்சு!" என்று கனி கூவினாள்.

மாசிலாமணி கேரியரிலிருந்து காலைக் கீழே வைத்தார்.

"எங்க எறங்குறீங்க? உக்காருங்க. கனமிருந்தாத்தான் சக்கரம் நல்லாச் சுத்தும்."

அப்படித்தான், மாசிலாமணியும் அவர் மடியில் மைதா மூட்டையுமாக, கனி மூச்சுமுட்டியில் இறங்கினாள். பிரேக்கைத் தொட்டாள். முனகல் எழுந்தது, அதுவரை ஊர் கேட்டிராத முனகல். ஒரு மாட்டுத்தொழுவமே விடியலில் வாய் திறந்தது போல, கோயில் மணி அடித்து ஓய்ந்தபின் நெஞ்சில் நிற்கிற அதிர்வு போல, வீட்டு ஓடுகள் கிலுகிலுக்க, சன்னல் கம்பிகள் சேர்ந்து முனக, அது மலையை நிறைத்தது. கீழே கட்டில் எழுந்தது. சாண் உயரமில்லை, முழ உயரமில்லை, இடுப்பளவு எழுந்தது. கட்டில் காலைப் பிடித்திருந்த நாலு பேரும் அதோடு எழுந்தார்கள். அதில் ஒருவர் மொக்கராசு. அவர் கால்கள் தரையை விட்டுக் கிளம்பியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

பாதி வழியில் இரண்டு பக்கமும் எதிரெதிரே வந்தன. கட்டில் கனியின் தோள் உயரத்தில் மிதந்து வந்தது. பாண்டிமீனா தலைமாட்டுக் கம்பியை இறுகப் பிடித்திருந்தாள். அவள் முகத்தில் வலி இருந்தது, வலிக்கு நடுவே ஓர் ஆச்சரியமும் இருந்தது.

"அக்கா, உள்ள என்னமோ உருளுது," என்றாள். "மீனு மாதிரி."

"உருளட்டும்மா. நீ கெட்டியாப் புடிச்சுக்க."

"விட்டுடாத தங்கச்சி," என்றார் மொக்கராசு. அவருடைய செருப்பு இரண்டும் எங்கோ கீழே விழுந்துவிட்டிருந்தன.

"புடிச்சிருக்கேண்ணே. நீங்க போங்க."

கட்டில் மேலே போயிற்று. கனி கீழே போனாள். இப்போது ஒரு புதுக் கவலை வந்தது: அவளுக்கு முன்னால் இறங்க மிச்சமிருந்த சரிவு குறைந்துகொண்டே வந்தது. உச்சியில் ஆஸ்பத்திரி வாசலில் டாக்டரம்மா நர்ஸோடு ஓடி வந்து, மிதந்து நின்ற கட்டிலில் கை வைத்துப் பார்த்து, "திரும்பிடுச்சு! தலை கீழ வந்துடுச்சு! உள்ள கொண்டுபோக நேரமில்லை, இங்கேயே!" என்றாள். கட்டில் காலைப் பிடித்தவர்கள் இறக்கப் பார்க்க, "இறக்காதீங்க, எனக்கு இந்த உயரம்தான் வசதி," என்று அதட்டினாள். நர்ஸ் நான்கு சேலைகளை வாங்கிச் சுற்றிலும் மறைப்புக் கட்டினாள். மேலேயிருந்து ஒரு வீட்டுக்காரி அடுத்த வீட்டுக்கு, "இன்னும் கொஞ்ச நேரம் புடிக்கச் சொல்லு!" என்று கத்த, அவள் அதற்கடுத்த வீட்டுக்குக் கத்த, சொல் வாசல் வாசலாக உருண்டு கனியின் காதுக்கு வந்து சேர்ந்தது.

கனி ஹேண்டில்பாரை ஒடித்துத் திருப்பினாள். நேராக இறங்குவதை விட்டு, இந்தச் சுவரோரத்திலிருந்து அந்தச் சுவரோரத்துக்கும், அந்தத் திண்டிலிருந்து இந்தத் திண்டுக்குமாக, கோலப்புள்ளிகளுக்கு நடுவே இழை போடுகிற மாதிரி, வளைந்து வளைந்து நத்தை வேகத்தில் இறங்கினாள். விரல்கள் மரத்தன. மாசிலாமணி முதல்முறையாகக் கண்ணைத் திறந்தார். மூட்டையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறுகையை நீட்டி, பிரேக்கைப் பிடித்திருந்த அவள் விரல்கள்மேல் தன் மாவுக் கையை வைத்து மூடி அழுத்தினார். கடைசி வளைவு வந்தது. இதற்குமேல் வளைப்பதற்கு இடமில்லை. அங்கிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பாதை சறுக்குமரம் போல நேராக விழுந்தது. கனி கிட்டத்தட்ட நின்றேவிட்டாள். சக்கரம் ஒரு கம்பி, இன்னொரு கம்பி என்று நகர, முனகல் நூலாக இழைந்து, அறுந்துவிடும் என்று அவள் பல்லைக் கடித்தபோது, மேலேயிருந்து வாசல் வாசலாகச் சொல் வந்தது.

"பொண்ணு! பொண்ணு! ரெண்டு பேரும் சொகம்! கட்டில எறக்கியாச்சு!"

கனி அண்ணாந்து மூச்சுமுட்டியைப் பார்த்தாள். காற்றில் ஒருவரும் இல்லை. எல்லாரும் தரையில் இருந்தார்கள்.

"ஏங்க," என்றாள். "கைய எடுங்க."

"எதுக்கு?"

"எடுங்களேன்."

அவர் எடுத்தார். அவள் பிரேக்கை விட்டாள்.

சைக்கிள் சத்தமே இல்லாமல் விழுந்தது. காற்று முகத்தில் அறைந்தது, தலைமுடி அவிழ்ந்து மாசிலாமணியின் வாயில் அடைத்தது, மைதா மூட்டை பிரிந்து பின்னால் வெள்ளையாக ஒரு வால் நீண்டது, டீக்கடைகளும் ரேஷன் கடையும் ஓடி எதிரே வந்து பக்கவாட்டில் பறந்தன, மாசிலாமணி "ஐயோ" என்று ஆரம்பித்த அலறல் நடுவில் எப்படியோ வேறாக மாறி, கனியின் சிரிப்போடு சேர்ந்துகொண்டது. சந்தையின் வெங்காய மூட்டைகளில் மோதி இரண்டு பேரும் உருண்டார்கள். சனம் ஓடி வந்து பார்த்தபோது, தலை முதல் கால் வரை மாவாகக் கிடந்த பேக்கரிக்காரர், வெங்காயங்களுக்கு நடுவே மல்லாந்தபடி மனைவியைக் கேட்டார்:

"கனி, மறுபடி ஒருதரம் போலாமா?"

பாண்டிமீனாவின் பெண்ணுக்குப் பதினாறாம் நாள் பெயர் வைத்தபோது டாக்டரம்மா, ஆஸ்பத்திரிச் சமையல்காரர், இரண்டு கோயில்காரர்கள் என்று எல்லாரும் வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்து கைகழுவி எல்லாரும் உட்கார்ந்தபின் மொக்கராசு எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, கனி பேக்கரியில் தன்னிடம் சொன்னதை ஊருக்குச் சொன்னார். "இத்தன நாளு அந்தப் புள்ளகிட்ட உனக்கு என்ன வேணும்னு ஒருத்தரும் கேக்கலியே," என்றாள் கீரைக்காரக் கிழவி. தலையில் கை வைத்துக்கொண்டு கனி சிரித்தாள். அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மொக்கராசு, கீழே சந்தைக்கு வந்திருந்த கனியையும், மாசிலாமணியையும், சைக்கிளையும் ஜீப்பில் ஏற்றி, புதிதாகப் போட்ட மரப்பாலத்தைத் தாண்டி, எஸ்டேட்டைச் சுற்றி உச்சிக்குக் கொண்டுபோய் இறக்கினார். வருகிற வழியெல்லாம் தன் ஜீப்பைப்போலக் கால் தரையில் பட்டு ஏறுகிற சுகம் எதிலும் கிடையாது என்று சொல்லிக்கொண்டே வந்தார். மூச்சுமுட்டியின் இரண்டு பக்கமும் ஊர் நின்றது. சவரிமுத்து சிலிண்டரைக் கீழேயே வைத்துவிட்டு வந்திருந்தான். பிள்ளைகள் ஆடுகளையும் நாய்களையும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பாண்டிமீனா பிள்ளையைத் துணியில் பொதிந்து மடியில் வைத்துப் படியில் உட்கார்ந்திருந்தாள். முடிச்சும் மூட்டையும் முழங்கால் வலியுமாக இருந்தவர்களும், மேலே அவசர வேலை இருந்தவர்களும், அத்தனை பேரும் அவரவர் கனத்தோடு அவரவர் இடத்தில் நின்றார்கள். ஒருத்தர்கூட ஏறவில்லை.

கனி பிரேக்கிலிருந்து விரல்களை எடுத்து, ஒருமுறை விரித்து மடக்கிப் பார்த்துவிட்டு, காலை ஊன்றி உந்தினாள்.